ஒரே நம்பரில் இரண்டு ஆஸ்டின்

செப்டம்பர் 9, ஞாயிறு

இன்றைய பேப்பரில் என் தம்பி தண்டபாணி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கோட்டு வேறு. பக்கத்தில் அப்பாவின் ஆஸ்டின் கார், நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து இறங்கியது மாதிரி மின்னுகிறது. மூன்று வருஷமாக மைசூரில் ஒருவனிடம் விட்டுச் சரிசெய்தானாம். "எங்கப்பா ஓட்டின அதே வண்டி. ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை. நூறு சதவீதம் ஒரிஜினல்" என்று பேட்டி கொடுத்திருக்கிறான். ஜனவரியில் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் அசல் வண்டிக்கான கோப்பை தனக்குத்தான் வருமாம்.

காபி ஏடு கட்டிப்போனது. குடிக்கவில்லை. புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

அவன் சொன்னதில் கால்வாசி உண்மை. அடியில் இருக்கும் சேஸும் எஞ்சினும் அப்பாவுடையவை. அதற்கு மேலே இருப்பதெல்லாம் மைசூரில் செத்துக் கிடந்த வேறொரு ஆஸ்டினின் உடம்பு. சீட்டு புதுசு, கண்ணாடி புதுசு, ரப்பர் சீமையிலிருந்து வந்தது. அப்பா வண்டியின் உடம்பைத் துரு என்று சொல்லிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், போட்டது என் உலைக்குத்தான் வந்தது. போன வருஷம் சித்திரையில் உக்கடம் பழைய இரும்புக் கடையிலிருந்து என் பவுண்டரிக்கு வழக்கமான லோடு வந்தது. மண்ணும் கல்லும் கலந்து எடையை ஏற்றிவிடுவார்கள் என்பதால் நானே லாரியில் எட்டிப் பார்ப்பேன். மேலே ஒரு கார்க் கதவு கிடந்தது. பின்பக்கத்து இடது கதவு. உள்ளே கைப்பிடிக்குக் கீழே ஊக்கால் கீறிய ஒரு 'வ'. ஒன்பது வயதில் நான் கீறியது. வசந்தாமணி என்று முழுசாக எழுதுவதற்குள் அப்பா பார்த்துவிட்டார். அன்று வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உடம்பு, நாலு கதவு, சீட்டு, ஸ்டீயரிங், கையால் எழுதிய தகர நம்பர் பிளேட், எல்லாம் அந்த லோடிலேயே இருந்தன. மைசூர்க் கதையை இரும்புக் கடைக்காரன் சொன்னான். பவுண்டரிக் காம்பவுண்டிலேயே என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் இறக்கித் தார்ப்பாயைப் போட்டு மூடச் சொன்னேன். கொஞ்சம் அசந்திருந்தால் என் கையாலேயே உருக்கிப் பம்பு செட்டாக வார்த்திருப்பேன்.

இத்தனை நாளும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்றைக்குத் தெரிந்துவிட்டது. கண்காட்சிக்கு நானும் வருகிறேன்டா தம்பி. அத்தனை பேருக்கு முன்னால் 'அக்கா வண்டிதான் அசல்' என்று உன் வாயாலேயே சொல்ல வைக்காவிட்டால் என் பெயர் வசந்தாமணி இல்லை.

செப்டம்பர் 12, புதன்

மெக்கானிக் அந்தோணிசாமியை வரச் சொன்னேன். எதைக் காட்டினாலும் குறை சொல்கிற ஆள். தார்ப்பாயை எடுத்ததும் இரண்டு சுற்று சுற்றினார். சேஸும் எஞ்சினும் கிடைத்தால் நிறுத்திவிடலாம் என்றார். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார். முன் மட்காட்டின் சொட்டையை எடுத்துவிடலாம், சீட்டுக்குப் புதுத் தோல் போடலாம், நல்ல கறுப்பாக ஒரு பெயிண்ட் அடித்தால் ஜம்மென்று இருக்கும்.

ஒன்றும் கூடாது என்றேன். சொட்டை சொட்டையாகவே இருக்கட்டும், கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும், துரு மேலே பரவாமல் எண்ணெய் மட்டும் போடுங்கள் என்றேன். அப்படியென்றால் நான் எதற்கு என்று அவருக்குக் கோபம். வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினான்.

சமையல்காரி இன்றும் வரவில்லை. ரசம் நானே வைத்தேன். உப்பு அதிகம்.

செப்டம்பர் 30, ஞாயிறு

தாராபுரம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஆஸ்டின் சேஸ் ஒன்று எஞ்சினோடு கிடைத்தது. மேலே கூரை போட்டு அதைக் கோழிக்கூடாக வைத்திருந்தார்கள். நாங்கள் போய் நின்றதும் ஒரு கோழி எஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. தோட்டக்காரர் இதற்கு என்ன விலை சொல்வது என்று தெரியாமல் விழித்தார். நான் விழிக்கவில்லை.

லாரியில் ஏற்றும்போது அந்தோணிசாமி காதருகில் வந்து, "சேஸ் நம்பரு வேறயா இருக்குமேங்கம்மா. நம்பருதானுங்க வண்டி. கோர்ட்டுக்குப் போனா உங்க தம்பி வண்டிதான் ஜெயிக்கும்" என்றார்.

தெரியும் என்றேன். கோர்ட்டுக்கு யார் போகிறார்கள்?

அக்டோபர் 18, வியாழன்

ஆயுத பூஜை. லேத்துகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, உலைக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தோம். பையன்களுக்குப் பொரியும் போனஸும் கொடுத்து அனுப்பினேன். கடைசியாக ஷெட்டுக்குப் போய் ஆஸ்டினுக்கும் பொட்டு வைத்தேன்.

அப்பா இருந்தபோது ஆயுத பூஜை அன்று வண்டியில் மருதமலைக்குப் போவோம். முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் தண்டபாணி. நானும் அம்மாவும் பின்னால். அவன் என்னைவிட நாலு வயசு சின்னவன், இருந்தாலும் அவனுக்குத்தான் முன்சீட்டு. ஒருமுறை நான் ஓடிப்போய் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் இறங்குகிற வரைக்கும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பொறுமைசாலி. அவரைப் போலத் தங்கமான மனுஷரைப் பார்க்க முடியாது.

என் பக்கத்துக் கதவு அப்போதே சண்டித்தனம் பண்ணும். கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டும். இன்று சாத்திப் பார்த்தேன். கை தானாகத் தூக்கியது.

அக்டோபர் 19, வெள்ளி

நேற்று நிறைய எழுதிவிட்டேன். இன்று கரண்ட் பில் கட்டினேன்.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. வருஷா வருஷம் போல தண்டபாணியின் டிரைவர் பலகாரப் பெட்டியைக் கொண்டுவந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டி வரும், அவன் வரமாட்டான். நானும் வருஷா வருஷம் போல அதை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு லட்டு தின்றேன். சாயங்காலம் சர்க்கரை ஏறிவிட்டது. அதற்கும் அவன்தான் காரணம்.

உடம்பைச் சேஸ்மேல் இறக்கியாகிவிட்டது. நாலு போல்ட்டு ஓட்டை சரியாக உட்கார்ந்தது. இரண்டை என் லேத்திலேயே கடைந்து போட்டோம்.

நவம்பர் 25, ஞாயிறு

கோகிலவாணி வந்தாள். தண்டபாணியின் மூத்த மகள். அந்த வீட்டிலிருந்து என் வாசலை மிதிக்கிறவள் அவள் ஒருத்திதான், அதுவும் விவாகரத்து வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த பிறகு. அதற்கு முன்னால் அத்தை என்று ஒருத்தி இருப்பதே அவளுக்குத் தெரியாது. போகட்டும், இப்போதாவது தெரிந்ததே.

ஷெட் திறந்திருந்தது. உள்ளே போய்விட்டாள். வெளியே வந்தவள் என்னையே பார்த்தாள். "அத்தை, இதுதான் தாத்தா வண்டியா? அப்ப வீட்ல இருக்கறது?" என்றாள். சொன்னேன். வாசல் கட்டிலில் விழுந்து சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

போகும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவள் தம்பி நிரஞ்சனுக்குத் தை மாசத்தில் கல்யாணம். பெண் திருப்பூர். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று.

"தம்பி பக்கத்துல இணைச்சீருக்கு நீதானே நிக்கறே?" என்று சும்மா கேட்டேன்.

செருப்பு மாட்டிக்கொண்டே, "இல்லீங்கத்தை. வாழாம வந்தவ நிக்கறது நல்லா இருக்காதுன்னு அப்பா சொல்லிட்டாங்க. ருக்குமணி அத்தை மவளை நிக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

நவம்பர் 26, திங்கள்

தலைவலி. பவுண்டரிக்குப் போகவில்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன். இல்லாவிட்டால் தலைவலி போகாது.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் சேர்ந்து நிற்பார்கள். ஒரு சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை அவள் கையில். புதுசாக ஒருத்தி வந்தாலும் இந்த வீட்டில் உன் பங்கு போகாது என்று ஊர் முன்னால் அவளுக்குச் சொல்கிற சீர் அது. தண்டபாணி நடக்கப் பழகிய நாளிலிருந்து அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள், இவன் கல்யாணத்தில் நீ நிற்க வேண்டும், இந்தக் கலரில் சேலை எடுக்க வேண்டும் என்று. மயில் கழுத்துக் கலர்.

அவன் கல்யாணம் தையில். அதற்கு முந்தின ஆடியில் என் வீட்டுக்காரரை மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி அடித்துவிட்டது.

சேலை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். அதைச் சித்தப்பா மகள் ருக்குமணிக்குக் கட்டிவிட்டார்கள். என்னை அப்பாதான் ஆஸ்டினில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். பின்சீட்டில். முன்வாசலில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டு போய்ச் சமையல்கட்டு வாசலில் இறக்கிவிட்டார். ஊருக்காக அப்படிச் செய்யவேண்டி வந்தது, அவர் என்ன செய்வார்? கொட்டுச் சத்தம் கேட்டதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் சேலையைக் கட்டிக்கொண்டு ருக்குமணி நின்றாள். தண்டபாணி திரும்பினான். என்னைப் பார்த்துவிட்டான். அக்கா இல்லாமல் நிற்கமாட்டேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கு அவன் பேச்சை மீற யாரும் இல்லை. மாப்பிள்ளை அல்லவா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முனையைப் பிடித்தான்.

அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. ஊரில் பவுண்டரிப் பங்குத் தகராறு என்று சொல்லிக்கொள்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொந்த மகளுக்கே அதைச் செய்கிறான். ஒருத்தியைச் சொட்டை என்று ஒதுக்கிவிட்டுப் பளபளவென்று ஒருத்தியைப் பொருத்திக்கொள்வது அவனுக்குக் கைவந்த கலை.

டிசம்பர் 14, வெள்ளி

கண்காட்சிக்காரர்களிடம் நானே நேரில் போய்ப் பெயர் கொடுத்தேன். வண்டி எது என்றார்கள். அப்பா பெயரைச் சொல்லி, காளியண்ணனின் ஆஸ்டின் என்றேன். அது ஏற்கெனவே வந்துவிட்டதே, உங்கள் தம்பி பெயரில் இருக்கிறதே என்றார்கள். அது இருக்கட்டும், இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். செயலாளர் பேனாவை மூடிவிட்டார். அப்புறம் மறுபடியும் திறந்தார்.

டிசம்பர் 16, ஞாயிறு

தண்டபாணி வந்தான். என் வீட்டுக்கு. தலை முழுக்க நரைத்துவிட்டது. பேப்பரில் மை பூசியிருக்கிறார்கள் போல.

தண்ணீர் கொடுத்தேன். யார் வந்தாலும் கொடுப்பேன். குடித்துவிட்டு நேரே ஷெட்டுக்குப் போனான். அங்கே நெடுநேரம் நின்றான். வெளியே வந்து பேச ஆரம்பித்தான். உடம்பு முழுக்கத் துரு, மைசூர்க்காரன் ஒன்றும் செய்ய முடியாது என்றான், அதனால்தான் மாற்றினேன், சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர், ஆர்.சி. புத்தகம் எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது, உலகம் பூராவும் இப்படித்தான் செய்கிறார்கள், கம்பெனியில் இருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவருவதுதான் ஒரிஜினல் என்றான்.

அப்பா ஓட்டியதும் கம்பெனியில் வந்ததும் ஒன்றா என்று கேட்டேன். ஒரு போல்ட்டையும் மாற்றவில்லை என்று ஏன் புளுகினாய் என்றும் கேட்டேன். கண்காட்சிக்குச் சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டிருக்கிறானாம். அவர்கள் முன்னால் மானம் போய்விடுமாம்.

"உனக்கு என்னக்கா வேணும்? என்ன வேணும்னாலும் கேளு" என்றான்.

"கோகிலாவை இணைச்சீருக்கு நிக்க வையி" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் இத்தனை வருஷம் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை, இவனுக்கு ஞாபகமே இல்லை. மகள் விஷயத்தில் ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பித்தான். கேட்டைத் திறந்துவிட்டேன்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல் வைத்தேன். நன்றாகப் பொங்கியது. எஞ்சின் இன்று ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அந்தோணிசாமி முதல்முறையாக ஒரு குறையும் சொல்லவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

ராத்திரி நேரமாகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலேஜ் மைதானத்தில் ஐம்பது அறுபது வண்டிகள். என் வண்டியை லாரியில் கொண்டுபோய் இறக்கினேன். தண்டபாணி வண்டிக்குப் பக்கத்திலேயே இடம் கேட்டு வாங்கினேன். பிளேட்டில் ஒரே நம்பர், ஒரே ஆஸ்டின். அவனுடையது கல்யாண மாப்பிள்ளை மாதிரி, என்னுடையது காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தது மாதிரி. கொஞ்ச நேரத்தில் கூட்டம் என் பக்கம் சேர்ந்துவிட்டது. வயசானவர்கள் வந்து மட்காட்டின் சொட்டையைத் தடவிப் பார்த்து, இது ஒண்டிப்புதூர் பாலத்தில் இடித்தது அல்லவா என்று கேட்டார்கள். ஒருவர் பின்சீட்டை முகர்ந்து பார்த்து, காளியண்ணனின் மூக்குப்பொடி மட்டை வாசம் அப்படியே இருக்கிறது என்றார். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் ஆமாம் என்றேன்.

நடுவர் பெங்களூர்க்காரர். வெள்ளைத் தொப்பி. தரையில் படுத்து இரண்டு வண்டிக்கும் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, மைக்கில் மெதுவாகச் சொன்னார். சேஸ் நம்பர் தம்பியிடம் இருக்கிறது, அதனால் சட்டப்படி காளியண்ணன் வண்டி தம்பியுடையதுதான். ஆனால் அதில் காளியண்ணன் தொட்டது எதுவும் மிச்சமில்லை, அசல் கோப்பைக்கு அதை எடுத்துக்கொள்ள முடியாது. அக்காவிடம் இருக்கும் உடம்பு முழுக்க அவர் தொட்டது, ஆனால் சேஸ் நம்பர் வேறு, அதை வண்டி என்று சொல்ல முடியாது, பாகங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் கோப்பை இல்லை. இந்த உடம்பை அந்தச் சேஸில் வைத்தால் தென்னிந்தியாவிலேயே இப்படி ஒரு வண்டி இருக்காது, இரண்டு பேரும் பேசி ஒன்று சேருங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் திருப்பூர் சம்பந்தி வீட்டார். கல்யாணப் பெண்ணும் வந்திருந்தாள். கோகிலா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கைதட்டல் தண்டபாணிக்குத் தெம்பு கொடுத்துவிட்டது. மைக்கை வாங்கினான். சிரித்தான். "ரெண்டுமே எங்கப்பா வண்டிதானுங்க. குடும்பத்துக்குள்ள எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்டுன்னு பாத்துட்டு இருக்க முடியுமுங்களா?" என்றான். ஜனங்கள் சிரித்தார்கள். சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டான். நான் கேட்க வந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

நான் மேடை ஏறினேன். யாரோ கை கொடுத்தார்கள். மைக்கை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"தண்டபாணி, உன்ற கல்யாணத்துல இணைச்சீருக்கு நின்னது ஆரு?"

அவன் என்னைப் பார்த்தான்.

"சொல்லு, ஆரு?"

"ருக்குமணி" என்றான். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"உன்ற கூடப் பொறந்தவ ஆரு?"

அவன் தன் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒரிஜினல் சமையல்கட்டுல உக்காந்திருக்கறப்பவே டூப்ளிகேட்ட வெச்சுச் சீரை முடிச்சவன் நீ. இப்ப உன்ற மவளுக்கும் அதேதான் பண்றே. உனக்கா வித்தியாசம் தெரியாது?"

மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினேன். திருப்பூர்ப் பெண் கோகிலாவிடம் திரும்பி ஏதோ கேட்டாள். கோகிலா தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னாள். அந்தப் பெண் உடனே எழுந்து தன் அப்பாவிடம் போனாள். அவ்வளவுதான் பார்த்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

ஜனவரி 23, புதன்

கோகிலா போனில் சொன்னாள். "சொந்த அக்கா இருக்கறப்ப வேற ஆளு எதுக்குங்க மாமா?" என்று அந்தப் பெண்ணே தண்டபாணியிடம் கேட்டுவிட்டதாம். சம்பந்தியும் அதையே சொன்னாராம். இவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சரி என்று தலையாட்டிவிட்டானாம். ருக்குமணிக்குக் கோபமாம். இருக்கட்டும், அவளுக்குச் சேலை ஒன்று இலவசமாக வந்ததே போதும்.

சாயங்காலம் தண்டபாணியே வந்தான். கோகிலாதான் நிற்கப்போகிறாள் என்று எனக்குப் பெரிய பரிசு கொடுப்பது மாதிரி சொன்னான். அதற்குப் பதிலாக நடுவர் சொன்னதைச் செய்யலாமா என்று கேட்டான். அவன் சேஸ், என் உடம்பு. அப்பாவின் வண்டி முழுசாகிவிடும், கல்யாணத்துக்குள் முடித்துவிடலாம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதிலேயே போகலாம் என்றான். அப்பாவின் ஸ்டீயரிங்கை என் ஷெட்டில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லையாம்.

கோகிலா நிற்பது அவள் பாத்தியதை, அதைக் காட்டி என்னிடம் வியாபாரம் பேசாதே என்றேன். வண்டி சேராது. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் உன்னிடம் இருப்பது வெறும் நம்பர்தான், அதை வைத்துக்கொண்டு ஊர்வலம் போ என்றேன்.

அழுதான். மனசு குளிர்ந்தது. குளிர்ந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

விடிவதற்கு முன்னால் மண்டபத்துக்குப் போனேன். முன்வாசல் வழியாக. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன், வீணாகிப்போனது. முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கோகிலா நின்றாள். சேலை மயில் கழுத்துக் கலர். அந்தக் கலரை நான் யாரிடமும் சொல்லவில்லை. யார் எடுத்தது என்று கேட்டேன். அப்பா எடுத்தாங்க என்றாள். ஞாபகமில்லாதவன் மாதிரி என்னமாய் நடித்திருக்கிறான், பாவி. முனையைப் பிடிக்க அவள் தயங்கினாள். நிரஞ்சன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பையன். அவன் அப்பாவைப் போல இல்லை.

தண்டபாணி தூணுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவனுக்கும் அது எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.

சாப்பாட்டில் பாயசம் நன்றாக இல்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

கல்யாண அலைச்சல் முடிந்து கோகிலா வந்தாள். கூடவே தண்டபாணி. இவனை யார் கூப்பிட்டது என்று அவளைப் பார்த்தேன். அவள் ஆகாயத்தைப் பார்த்தாள்.

வண்டியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கமாட்டேன் என்றான். ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேன் என்றான். கேட்டுவிட்டுப் பழக்க தோஷத்தில் முன்சீட்டுக் கதவைத் திறக்கப் போனான்.

"அது கோகிலாவுக்கு. நீ பின்னால ஏறு" என்றேன்.

அறுபதை எட்டுகிற மனுஷன். மறுபேச்சுப் பேசாமல் பின்னால் ஏறினான். கோகிலா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கை நான் பிடித்தேன். அப்பா உயிரோடு இருந்தவரை அதை ஒருநாளும் என்னைத் தொடவிட்டதில்லை.

பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பூட்டவில்லை. மறுபடியும் சாத்தினான். மறுபடியும். முன்சீட்டிலேயே வளர்ந்தவனுக்கு அந்தக் கதவைப் பற்றி என்ன தெரியும்?

"தூக்கிச் சாத்துடா" என்றேன்.

தூக்கிச் சாத்தினான். பூட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். கைப்பிடிக்குக் கீழே கீறியிருந்த 'வ'மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது எப்பக்கா கீறினே?" என்று கேட்டான்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பவுண்டரி காம்பவுண்டைச் சுற்றி வண்டியை ஓட்டினேன். உலையைத் தாண்டி, இரும்புக் குவியலைத் தாண்டி, மறுபடியும் ஷெட்டுக்கு வந்து, நிறுத்தாமல் மறுபடியும் சுற்றினேன். கோகிலா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போதும்க்கா, எறங்கிக்கறேன்" என்றான் பின்னாலிருந்து.

எனக்குப் போதவில்லை. இன்னொரு சுற்று போனேன்.